மைத்துனர் பணம் போட வரும்போது: வளரும் தொழிலை நடத்துவோருக்கும் முதல் போடுவோருக்கும்

காலை ஒன்பதரை மணி. கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஓர் அப்பளக் கம்பெனி வாசலில் உளுந்து லோடு வந்து நிற்கிறது. சூப்பர்வைசர் சாக்கில் குத்தூசி போட்டு ஒரு கைப்பிடி எடுக்கிறார். இரண்டு மணியை வாயில் போட்டுக் கடிக்கிறார். டக்கென்று உடைய வேண்டிய உளுந்து பல்லுக்கடியில் அமுங்குகிறது. முதலாளிக்குப் போன் போடுகிறார். "அண்ணாச்சி, சரக்கு ஈரமா இருக்கு. இறக்கவா, திருப்பி அனுப்பிரவா?" என்று கேட்க வேண்டும். அண்ணாச்சி திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் பேங்க் மேனேஜர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார், எடுக்கவில்லை. மணி பதினொன்றாகிறது. டிரைவர் சத்தம் போடுகிறார். மூட்டை இறக்க வந்த நாலு பேர் திண்ணையில் சும்மா இருக்கிறார்கள். கடைசியில் யாரோ ஒருவர் "இறக்குங்கப்பா, பாத்துக்கிடலாம்" என்கிறார்.

ஈர உளுந்தை அரைத்தால் மாவு கட்டி தட்டும், வண்டும் சீக்கிரம் விழும். நட்டம் பத்து நாள் கழித்துத்தான் தெரியும். அப்போது திட்டு வாங்குவது சூப்பர்வைசர். அவருக்குத் தொழில் தெரியாமல் இல்லை. கடித்த அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. திருப்பி அனுப்ப அவருக்கு அதிகாரம் உண்டா என்பதுதான் தெரியவில்லை. அதை அவரிடம் யாரும் சொல்லி வைக்கவில்லை.

மாதம் மூன்று லட்சத்துக்கு வியாபாரம் ஓடிய காலத்தில் இது ஒரு குறையாகத் தெரிந்திருக்காது, ஏனென்றால் முதலாளி வாசலிலேயே இருந்தார். பதினைந்து லட்சத்துக்கு வளர்ந்தபின் அவர் பேங்கிலும் ஆடிட்டர் ஆபீஸிலும் இருக்கிறார். இந்த நிலையில் மும்பையில் இருக்கும் மைத்துனர் "அத்தான், நான் பணம் போடுதேன், பெருசா பண்ணுவோம்" என்று வருகிறார். நம் பக்கத்தில் பெரும்பாலான தொழிலுக்கு முதல் வெளிப்பணம் இப்படித்தான் வருகிறது: மைத்துனர், சம்பந்தி, துபாயில் இருக்கும் சித்தப்பா மகன். வாங்குவதற்கு முன்னும் பின்னும் இரண்டு பேரும் செய்ய வேண்டியதை இந்த அப்பளக் கம்பெனியை வைத்தே சொல்கிறோம். அல்வாக் கடை, அரிசி ஆலை, எலுமிச்சை மண்டி, கோரைப்பாய் என்றால் எண்கள் மாறும், அவ்வளவுதான்.

முதலில் எவ்வளவு வேண்டும் என்று பாருங்கள்

"ஒரு அம்பது லட்சம் இருந்தா போதும்" என்று வாயால் சொல்லிப் பணம் வாங்காதீர்கள். வளரும் தொழிலில் பணம் எங்கே மாட்டிக்கொள்கிறது என்பதை நாள் கணக்கில் எடுங்கள். மூன்று எண்கள் வேண்டும். வாங்கிய உளுந்தும் செய்த அப்பளமும் சேர்ந்து எத்தனை நாள் கிடங்கில் கிடக்கின்றன? விற்ற பின் கடைக்காரர் எத்தனை நாளில் பணம் தருகிறார்? உளுந்து மண்டிக்கு நீங்கள் எத்தனை நாளில் தருகிறீர்கள்? முதல் இரண்டைக் கூட்டி மூன்றாவதைக் கழியுங்கள்.

நம் கம்பெனியில் சரக்கு 25 நாள், கடைப் பாக்கி 50 நாள், மண்டிக்குத் தருவது 10 நாள் என்று வைப்போம். 65 நாள் வருகிறது. மாதச் செலவு 12 லட்சம் என்றால் நாளுக்கு 40,000 ரூபாய். 65 நாளுக்கு 26 லட்சம் எப்போதும் வெளியிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். விற்பனையை இரட்டிப்பாக்கினால் அது 52 லட்சம். கூடுதலாக 26 லட்சம் வேண்டும். புது மெஷின், புது கட்டடம் எதுவும் இதில் சேரவில்லை. வீட்டுச் செலவும் வரியும் போக மாதம் ஒன்றரை லட்சம் மிஞ்சுகிறது என்றால், இந்த 26 லட்சத்தைச் சொந்த லாபத்திலிருந்து சேர்க்கப் பதினேழு மாதத்துக்கு மேல் ஆகும். ஆர்டர் குவிந்தும் சம்பள நாளில் கையில் காசில்லாமல் போவது இதனால்தான். லாபம் ஏட்டில் இருக்கிறது, காசு கடைக்காரரிடம் இருக்கிறது.

இனி அதே கணக்கில் கடைப் பாக்கியை 50 நாளிலிருந்து 35 நாளாகக் குறையுங்கள். சுற்று 50 நாளாகிறது. இரட்டிப்பு விற்பனைக்கும் 40 லட்சம் போதும். கூடுதலாக வேண்டியது 14 லட்சம்தான். மைத்துனரிடம் கேட்க இருந்த தொகையில் 12 லட்சம் உங்கள் வசூலிலேயே கிடந்தது. சோஹோ வெளி முதலீடே வாங்காமல் வளர்ந்த மென்பொருள் கம்பெனி. தென்காசிக்குப் பக்கத்து மத்தளம்பாறையில் 2011இல் அலுவலகம் போட்டதும் சொந்த வருமானத்தில்தான். எல்லாத் தொழிலுக்கும் அது முடியாது. ஆனால் பணம் கேட்குமுன் வசூலை இறுக்கிப் பார்ப்பது எல்லோராலும் முடியும்.

வசூலுக்குச் சட்டமும் கை கொடுக்கிறது. குறு, சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவு இலவசம். உற்பத்தி செய்யும் குறு, சிறு நிறுவனம் கட்டாயம் எடுத்து வையுங்கள். 2006ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, வாங்கியவர் எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. தராத பாக்கியை, கொடுத்து முடிக்கும்வரை அவர் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் முடியாது. பெரிய சூப்பர்மார்க்கெட்டின் கணக்குப் பிரிவில் வேலை செய்வது இந்தக் கடைசி விஷயம்தான். பில்லிலேயே உத்யம் எண்ணை அச்சடியுங்கள்.

மழையையும் கணக்கில் சேருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வெயில் இல்லாமல் அப்பளம் காயாது. புரட்டாசிக்குள் சரக்கு சேர்த்து வைக்க வேண்டும். சரக்கு நாள் 25இலிருந்து 45 ஆனால் இப்போதைய விற்பனைக்கே 8 லட்சம் கூடுதலாக முடங்கும். இந்தப் பருவப் பணத்துக்குப் பங்கு விற்காதீர்கள். மூன்று மாதத் தேவைக்கு வங்கியின் ஓடி (ஓவர்டிராஃப்ட்) கணக்கு போதும்; பங்கு கொடுத்தால் அது காலத்துக்கும் போனது.

கடனா, பங்கா: அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்

உறவில் வரும் பணத்தில் நடக்கும் பெரிய விபத்து, அது என்ன பணம் என்று யாரும் சொல்லாமல் விடுவது. தொழில் நொடித்தால் கொடுத்தவர் "கைமாத்தாத்தான தந்தேன்" என்பார். நன்றாக ஓடினால் "நானும் பங்காளிதான" என்பார். இரண்டும் அவர் மனசில் உண்மையாகவே இருக்கும். அதனால் பணம் கை மாறும் நாளிலேயே ஒரு தாளில் எழுதுங்கள்.

கடன் என்றால் தொகை, வட்டி, தவணை, கடைசித் தேதி. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால் அதே அளவுத் தொகை அபராதமாக வரலாம். எல்லாம் வங்கி வழியாகவே. பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக இருந்தால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். கம்பெனிச் சட்டம் 'உறவினர்' என்று சொல்லும் பட்டியலில் மனைவி அல்லது கணவர், பெற்றோர், பிள்ளைகள், மகனின் மனைவி, மகளின் கணவர், உடன்பிறந்தோர் இருக்கிறார்கள். மைத்துனர் இல்லை. நமக்கு அவர் வீட்டு ஆள், சட்டத்துக்கு வெளியாள். அவரிடம் கம்பெனி கடன் வாங்கினால், வெளியாரிடம் பணம் வாங்குவதைக் கட்டுப்படுத்தும் வைப்புத்தொகை விதிகள் குறுக்கே வரும், ஆடிட்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

பங்கு என்றால் ஒரே ஒரு சொல்லில் லட்சங்கள் மாறும். "கம்பெனி மதிப்பு ஒரு கோடியே அறுபது லட்சம், நான் நாற்பது லட்சம் போடுதேன்" என்கிறார். அந்த மதிப்பு பணம் வருமுன் உள்ளதா, வந்த பிறகு உள்ளதா? வருமுன் என்றால் மொத்தம் 2 கோடி, அவர் பங்கு 20 சதவீதம். வந்த பிறகு என்றால் 1.60 கோடியில் 40 லட்சம், 25 சதவீதம். ஐந்து சதவீத வித்தியாசத்தை டீ குடிக்கும் நேரத்தில் கோட்டை விட்டவர்கள் உண்டு.

25 சதவீதக் கோட்டில் கவனமாக இருங்கள். கம்பெனியின் அடிப்படை விதிகளை மாற்றுவது போன்றவற்றுக்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். ஆதரவு வாக்கு எதிர்வாக்கைப் போல மூன்று மடங்காவது இருந்தால்தான் அது நிறைவேறும். 25 சதவீதம் வைத்திருப்பவர் தனியாக அதைத் தடுக்க முடியாது. 25க்கு மேல் ஒரே ஒரு பங்கு கூடுதலாக இருந்தாலும் தடுக்கலாம். முதல் போடுபவர் அந்த ஒரு பங்கைக் கேட்பதில் தப்பில்லை. கொடுப்பவர் தெரிந்து கொடுக்க வேண்டும்.

கூட்டு வியாபாரமாக நடத்தினால் பத்திரம் இன்னும் முக்கியம். 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டம், பத்திரத்தில் ஒன்றும் சொல்லாவிட்டால் லாபமும் நட்டமும் சமம் என்கிறது. ஒருவர் 36 லட்சம் போட்டு மற்றவர் 4 லட்சம் போட்டிருந்தாலும் சமம்தான். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து மாவு பிசையும் இடத்தில் நிற்கும் கூட்டாளிக்குச் சம்பளம் உண்டு என்று எழுதாவிட்டால், சம்பளம் கேட்க அவருக்கு உரிமை இல்லை. ஒருவர் இறந்தால், வேறு மாதிரி எழுதாவிட்டால், கூட்டே கலைகிறது. கூட்டு நிறுவனத்தைப் பதிவும் செய்யுங்கள். பதிவாகாத கூட்டு நிறுவனம், பாக்கி வைத்த கடைக்காரர் மேல் ஒப்பந்தத்தை வைத்து வழக்குப் போட முடியாது.

யார் எதை முடிவு செய்வது

ஒரு பக்கத் தாள் போதும். மூன்று படி வையுங்கள். தொகைகள் உதாரணத்துக்கு: 10,000 ரூபாய் வரை சூப்பர்வைசர், 75,000 வரை மேலாளர், 3 லட்சம் வரை முதலாளி. அதற்கு மேல் முதலாளியும் முதல் போட்டவரும் சேர்ந்து. பணமல்லாத முடிவுகளுக்கு அளவு வையுங்கள். உளுந்து லோடுக்கு இப்படி எழுதலாம்: ஈரமானி வைத்து ஐந்து மூட்டையில் பார், 12 சதவீதத்துக்கு மேல் எந்த மூட்டையில் காட்டினாலும் திருப்பி அனுப்பு, யாரையும் கேட்க வேண்டாம், அனுப்பியபின் மண்டிக்கும் முதலாளிக்கும் வாட்ஸ்அப்பில் போட்டோ போடு. இந்த நாலு வரி இருந்திருந்தால் அந்த லாரி பத்து மணிக்கே கிளம்பியிருக்கும்.

தாளை எழுதியதும் அதிகாரம் கை மாறிவிடாது. நாலு வாரம் எடுங்கள். முதல் வாரம் நீங்கள் முடிவு செய்யும்போது அவர் பக்கத்தில் நிற்கட்டும், காரணத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். இரண்டாம் வாரம் அவர் முடிவு செய்து உங்களிடம் சொல்லிவிட்டுச் செய்யட்டும். மூன்றாம் வாரம் செய்துவிட்டுச் சாயங்காலம் சொல்லட்டும். நாலாம் வாரத்திலிருந்து திங்கட்கிழமை மட்டும் சொன்னால் போதும்.

இது பெரும்பாலும் ஐந்தாம் வாரம் உடைகிறது. மேலாளர் ஒரு முடிவில் எட்டாயிரம் ரூபாய் நட்டப்படுத்துகிறார். முதலாளி எல்லோர் முன்னாலும் "என்ட்ட கேக்காம யாரு செய்யச் சொன்னா?" என்கிறார். அன்றோடு முடிந்தது, அடுத்த ஆறு மாதம் எல்லா போனும் மறுபடி அண்ணாச்சிக்குத்தான் வரும். அவருடைய எல்லைக்குள் நடந்த தப்பை அறைக்குள் கூப்பிட்டுப் பேசுங்கள். "என்ன பாத்து முடிவு பண்ணுனீங்க?" என்று முதலில் கேளுங்கள். எல்லையைத் தாண்டி நடந்திருந்தால் மட்டும் கண்டியுங்கள். எட்டாயிரத்தைப் பயிற்சிச் செலவாக எழுதுங்கள். வெளியிலிருந்து ஒரு மேலாளரைக் கொண்டு வந்தால் ஒரு மாதச் சம்பளமே அதைவிடக் கூடும்.

முதல் போட்டவரின் சம்மதம் வேண்டிய விஷயங்களைத் தனியாக எழுதுங்கள். புதுப் பங்கு வெளியிடுவது, 5 லட்சத்துக்கு மேல் கடன், சொத்து விற்பது அல்லது அடமானம், குடும்பத்து ஆளை வேலைக்கு எடுப்பது, முதலாளியின் வேறு தொழிலோடு கொடுக்கல் வாங்கல், புதுத் தொழிலில் இறங்குவது, முதலாளி சம்பளம். இந்த ஏழு போதும். நீட்டிக்கொண்டே போனால் எலக்ட்ரிக் மோட்டார் வாங்கக்கூட மும்பைக்குப் போன் போட வேண்டிவரும்.

தூத்துக்குடியில் வ.உ.சி. 1906இல் தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கம் என்ற கப்பல் கம்பெனியை இங்கே நினைக்க வேண்டும். 25 ரூபாய்ப் பங்கு 40,000, மொத்தம் 10 லட்சம் ரூபாய் முதல் என்று திட்டமிட்டு, ஊர் ஊராகப் போய்ப் பங்கு சேர்த்தார். 1908இல் அவர் கைதானார். 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. ஆட்சியும் எதிர்க் கம்பெனியின் கட்டணப் போரும் சேர்ந்து நெருக்கியதால் வந்த முடிவு அது; நிர்வாகக் குறை என்று அதைச் சுருக்குவது அநியாயம். ஆனாலும் தன்னிடம் பங்குப் பணம் வாங்கியிருக்கும் எவரும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள அது போதும்: நான் 90 நாள் இல்லாவிட்டால் என்ன நிற்கும்? பதிலை எழுதிப் பாருங்கள். செக்கில் கையெழுத்து, ஜிஎஸ்டி ஓடிபி வரும் போன் நம்பர், மசாலா அளவு, மண்டிக்காரரோடு வாய்ப்பேச்சில் இருக்கும் தவணை, கிடங்குச் சாவி. ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது ஆள் ஒருவரைப் பெயர் எழுதி நியமியுங்கள். பிறகு நிஜமாகவே ஐந்து நாள் ஊருக்குப் போய்ப் போனை அணைத்து வையுங்கள். எது நின்றது என்று திரும்பி வந்து பாருங்கள்.

கல்லாவும் வீடும்

முதலாளி தனக்கு மாதச் சம்பளம் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே தேதியில், வங்கி வழியாக. கல்லாவிலிருந்து பிள்ளை ஸ்கூல் பீஸ், கோயில் கொடை வரி, கல்யாண மொய் எடுக்கும் பழக்கம் முதல் போட்டவர் வந்த நாளில் நிற்க வேண்டும். தொகை சின்னதுதான். ஆனால் அது ஏட்டில் ஏறாதபோது, ஏட்டில் உள்ள மற்ற எண்களையும் அவர் நம்ப மாட்டார்.

லாபப் பங்கை வசூலான காசிலிருந்து மட்டும் பிரியுங்கள். லாப நட்டக் கணக்கு 12 லட்சம் லாபம் காட்டலாம், அதில் 9 லட்சம் கடைக்காரர்களிடம் நிற்கலாம். அதை நம்பி லாபம் பிரித்தால் உளுந்து வாங்கக் கடன் வாங்க வேண்டிவரும். இரண்டு மாதச் சம்பளமும் ஒரு மாதக் கொள்முதலும் வங்கியில் இருந்த பிறகே பிரிப்பது என்று எழுதி வைப்பது நல்லது.

திங்கட்கிழமை ஐந்து எண், மாதம் ஒன்றரை மணி நேரம்

ஒவ்வொரு திங்களும் காலை பத்து மணிக்குள் முதல் போட்டவருக்கு ஐந்து எண் போக வேண்டும்: வங்கியில் உள்ள காசு, 45 நாள் தாண்டிய பாக்கி, அடுத்த இரண்டு வாரத்தில் கொடுக்க வேண்டியது, போன வார விற்பனை, திரும்பி வந்த சரக்கு. விளக்கம் வேண்டாம், எண் மட்டும். நல்ல வாரத்தில் அனுப்பி மோசமான வாரத்தில் விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. எண் வராத திங்கட்கிழமையே மைத்துனருக்குச் செய்தியாகிவிடும். அதுவும் அக்கா வழியாகப் போய்ச் சேரும்.

மாதக் கூட்டம் ஒன்றரை மணி நேரம். கணக்கு மூன்று நாள் முன்னால் போக வேண்டும், அங்கே வந்து படிக்கக் கூடாது. முதல் அரை மணி காசு, அடுத்த அரை மணி ஒரே ஒரு பிரச்சினை, கடைசி அரை மணி அடுத்த மாத முடிவுகள். யார், எது, எந்தத் தேதிக்குள் என்று ஒரு நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அடுத்த கூட்டம் அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கட்டும்.

முதல் போட்டவரின் ஒழுங்கும் இங்கேதான் தெரியும். கிடங்குக்குள் வந்து பார்க்கலாம், கேட்கலாம். ஆனால் தொழிலாளியிடம் "இதை இப்படிச் செய்" என்று சொல்லக் கூடாது. சொன்னால் அன்றிலிருந்து அங்கே இரண்டு முதலாளி. எவர் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் வேலைக்காரர் இருவரையும் தவிர்ப்பார். கெட்ட செய்தி வந்ததும் திட்டினால் அடுத்த கெட்ட செய்தி தாமதமாக வரும். "சரி அத்தான். இதுல எவ்வளவு காசு போகும்? எப்பம் தெரியும்? நான் என்ன செய்யணும்?" இந்த மூன்றையும் இந்த வரிசையில் கேளுங்கள். கல்யாண மண்டபத்தில், பந்தியில், சாமி கும்பிடப் போன இடத்தில் கணக்குப் பேசாதீர்கள். பேச்சு வந்தால் "திங்கட்கிழமை பாப்போம் அத்தான்" என்று ஒரே வார்த்தையில் முடியுங்கள்.

பிரிவதை இப்போதே எழுதுங்கள்

பிரிவைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று தள்ளுகிறார்கள். முகம் கொடுத்துப் பேசும் காலத்தில்தான் அதை நியாயமாக எழுத முடியும். நாலு விஷயம் வேண்டும். ஒருவர் விலக நினைத்தால் முதலில் மற்றவரிடம்தான் பங்கை விற்க வேண்டும், அவர் 60 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். விலை எப்படிப் போடுவது: கடைசி மூன்று வருட சராசரி லாபத்தை இத்தனை மடங்கு என்று இன்றே எண்ணை எழுதுங்கள், இருவருக்கும் பொதுவான ஆடிட்டர் சரிபார்க்கட்டும். பணம் ஒரே நாளில் கேட்கக் கூடாது; எட்டுக் காலாண்டுத் தவணையாக வைத்தால் தொழில் மூச்சு விடும். ஒருவர் இறந்தால் அவர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பங்கின் மதிப்பு சேருமா, கம்பெனியில் இடமும் சேருமா என்று தெளிவாக இருக்க வேண்டும்.

பத்திரம் வக்கீல் ஆங்கிலத்தில் எழுதியிருந்தால், அதன் சாரத்தை இரண்டு பக்கத் தமிழில் எழுதுங்கள். கையெழுத்துக்கு முன்னால் இரு வீட்டுப் பெண்களும் பெரியவர்களும் உட்கார்ந்திருக்க அதை வாய்விட்டு ஒருமுறை படியுங்கள். யாராவது "இது என்ன, புரியல" என்றால் அந்த வரியை அங்கேயே மாற்றி எழுதுங்கள். ஒரு பிரதி கம்பெனியில், ஒன்று மும்பையில், ஒன்று ஆடிட்டரிடம்.